கட்டிக்குப் பெயர் சொல்லும் ஊசி!

வயிற்றைக் கிழிக்காமலே கணையத்துக்குள் போய் வருகிறது. "புற்று நோயா, வேறு நோயா?" என்று சொல்லி விடுகிறது.

2003-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். இடம், அமெரிக்காவில் உள்ள கலிபோர்னியா.

ஒரு நாள் காலை 7½ மணி. ஒருவருடைய வயிற்றைப் படம் எடுத்தார்கள்.

அவருக்கு வயது 48. உலகம் முழுவதும் பெயர் தெரிந்தவர். "ஆப்பிள்" கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெயர் ஸ்டீவ் ஜாப்ஸ்.

படத்தில் ஒரு கட்டி தெரிந்தது. கட்டி இருந்த இடம், கணையம்.

கணையம் என்றால் என்ன என்றே அவருக்கு அதுவரை தெரியாது!

டாக்டர்கள் முகம் வாடியது. இது பெரும்பாலும் குணமாகாத புற்று நோயாகத்தான் இருக்கும் என்றார்கள். மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம்தான் உயிரோடு இருக்கலாம் என்று சொல்லி விட்டார்கள். வீட்டுக்குப் போய்க் காரியங்களை ஒழுங்கு செய்து கொள்ளும்படி யோசனை கூறினார்கள்.

அதற்கு என்ன அர்த்தம்? பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் இப்போதே சொல்லி விடுங்கள் என்று அர்த்தம்!

நாள் முழுவதும் அந்தப் பாரத்தைச் சுமந்தார் ஜாப்ஸ்.

அன்று மாலை ஒரு சோதனை நடந்தது. வாய் வழியாக ஒரு குழாயை விட்டார்கள். அது இரைப்பையைக் கடந்து குடலுக்குள் போனது. அங்கே இருந்து ஒரு ஊசி கணையத்துக்குள் பாய்ந்தது. கட்டியில் இருந்து ஒரு துளி எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள்.

பார்த்த டாக்டர்கள் அழுது விட்டார்கள்.

ஆம்! அது ஆனந்தக் கண்ணீர். ஜாப்சுக்கு வந்திருந்தது சாதாரணக் கணையப் புற்று அல்ல. அபூர்வமான வேறொரு வகை. ஆபரேஷன் செய்து எடுக்கக்கூடியது!

ஜாப்ஸ் மயக்கத்தில் இருந்தார். அவர் மனைவிதான் பக்கத்தில் இருந்து இதைப் பார்த்தார். 2005-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஜாப்சே இந்தக் கதையைச் சொன்னார்.

உடனே அவர் ஆபரேஷன் செய்து கொள்ளவில்லை. ஒன்பது மாதம் கழித்து, 2004 ஜூலையில்தான் செய்து கொண்டார். 2011-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி காலமானார்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். காலையில் டாக்டர்கள் கொடுத்த கெடு, ஆறு மாதம். அவர் வாழ்ந்ததோ எட்டு ஆண்டுகள்!

ஊசி அவரைக் குணப்படுத்தவில்லை. ஊசி நோயின் பெயரைச் சொன்னது. பெயர் தெரிந்த பிறகுதான் வைத்தியம்.

அந்த ஊசியின் கதைதான் இது.

எங்கே இருக்கிறது கணையம்?

கையை வயிற்றின் மேல், தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். உள்ளே இரைப்பை இருக்கிறது. அதற்கும் பின்னால், முதுகு எலும்பை ஒட்டி, ஒளிந்து கொண்டு இருக்கிறது கணையம்.

நீளம் சுமார் 6 அங்குலம். அதற்குத் தலை, உடல், வால் என்று மூன்று பகுதிகள் உண்டு. தலைப் பகுதி, சிறுகுடலின் வளைவுக்குள் தலையணையில் சாய்ந்தது போலப் படுத்து இருக்கும். வால், இடது பக்கம் மண்ணீரல் வரை நீண்டு இருக்கும்.

கணையத்துக்கு இரண்டு வேலைகள். ஒன்று, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரப்பது. இன்னொன்று, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அடக்கி வைக்கும் இன்சுலினைச் சுரப்பது. 1921-ம் ஆண்டு கனடா நாட்டில், டொரொண்டோ நகரில், பாண்டிங்கும் பெஸ்டும் கணையத்தில் இருந்துதான் இன்சுலினைப் பிரித்து எடுத்தார்கள்.

இவ்வளவு வேலை செய்யும் கணையத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. முன்னால் இரைப்பை, பின்னால் முதுகு எலும்பு, சுற்றிலும் பெரிய ரத்தக் குழாய்கள். அதனால்தான் அங்கே கட்டி வந்தாலும் வெகு நாள் தெரிவது இல்லை.

எல்லாக் கட்டியும் புற்று அல்ல

கணையத்தில் கெட்டியான கட்டி என்றால், அது புற்று நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை மறைக்க வேண்டியது இல்லை. ஆனால் எல்லாமே அது அல்ல.

உடம்பின் காவல் படை, தன் வீட்டையே தாக்குவது உண்டு. அப்போதும் கணையம் வீங்கிக் கட்டி போலத் தெரியும். இதற்குக் கத்தி வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையே போதும். வீக்கம் வடிந்து விடும்.

காச நோய் நுரையீரலுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்கிறோம். அபூர்வமாகக் கணையத்திலும் வரும். படத்தில் பார்த்தால் அசல் புற்று நோய் போலவே இருக்கும்! இதற்குக் காச நோய் மாத்திரைதான் மருந்து.

நிணநீர்ச் சுரப்பிப் புற்று, கணையத்தில் வந்து உட்காருவது உண்டு. அதற்கு முக்கிய வைத்தியம் ஊசி மருந்து. ஆபரேஷன் அல்ல.

ஜாப்சுக்கு வந்தது, இன்சுலின் போன்றவற்றைச் சுரக்கும் செல்களில் தோன்றும் கட்டி. இது பெரும்பாலும் மெதுவாக வளரும்.

நாட்பட்ட கணைய வீக்கத்தாலும் கட்டி போன்ற தடிப்பு உண்டாகும். கணையத்தில் கல் விழும் நோய் நம் பக்கத்தில் உண்டு. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் 1960-களில் இந்த நோயாளிகளைப் பெருமளவில் ஆராய்ந்தார். இந்த நோய் உள்ளவர்களுக்குப் புற்று வரும் அபாயமும் அதிகம். ஆகவே அவர்களுக்குக் கட்டி தெரிந்தால், அது வெறும் தடிப்பா, புற்றா என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

படம் ஒன்று, நோய்கள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? மாத்திரையில் போகும் நோய்க்கு வயிற்றைக் கிழிக்க நேரும். கிழிக்க வேண்டியதற்கு மாத்திரை கொடுத்து நாளைக் கடத்த நேரும்.

அதனால்தான் கட்டியில் இருந்து துளி சதை வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள்.

கண்ணும் காதும்

முன்பெல்லாம் அந்தத் துளியை எடுக்க வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. பிறகு, படத்தைப் பார்த்துக் கொண்டே வயிற்றுத் தோல் வழியாக நீண்ட ஊசியைச் செலுத்தினார்கள்.

வேறு வழி வாய்க்குள் இருந்து கிடைத்தது.

1957-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர், வளைந்து கொடுக்கும் கண்ணாடி இழைகளால் ஆன குழாயை உண்டாக்கினார். அதன் வழியாக இரைப்பையின் உள்ளே பார்க்கலாம். அதை முதலில் விழுங்கிப் பார்த்தது யார் தெரியுமா? ஹிர்ஷோவிட்சே! தன் தொண்டையில் விட்டுப் பார்த்த பிறகுதான் நோயாளிக்கு விட்டார்.

இந்தக் குழாய் கண் மாதிரி. இரைப்பையின் சுவரைப் பார்க்கும். சுவருக்கு அப்பால் இருப்பதைப் பார்க்காது.

1980-ம் ஆண்டு வாக்கில் குழாயின் நுனியில் ஒரு சிறு ஒலிக்கருவியைப் பொருத்தினார்கள். கர்ப்பிணிப் பெண்களுக்கு "ஸ்கேன்" எடுக்கிறார்களே, அதே மாதிரிக் கருவிதான். ஒலி அலை சுவரைத் தாண்டிப் போகும். கணையத்தில் பட்டுத் திரும்பும். திரும்பி வரும் ஒலி, திரையில் படமாகத் தெரியும்.

ஆக, குழாய்க்குக் கண்ணும் வந்தது, காதும் வந்தது. கை மட்டும் இல்லை.

கையைக் கொடுத்தவர் டென்மார்க் நாட்டு டாக்டர் பீட்டர் வில்மான். ஒலிப்படத்தைப் பார்த்துக் கொண்டே கணையக் கட்டியில் ஊசி குத்தி எடுக்கலாம் என்று 1992-ம் ஆண்டு அவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள்.

அந்தக் கைதான் ஊசி!

எப்படிக் குத்துகிறார்கள்?

நோயாளி பல மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும். இடது பக்கமாகப் படுக்க வைப்பார்கள். மயக்க மருந்து கொடுப்பார்கள். வலி தெரியாது.

குழாய் வாய் வழியாக உள்ளே போகும். கட்டி கணையத்தின் உடலிலோ வாலிலோ இருந்தால், இரைப்பையில் நின்று குத்துவார்கள். தலையில் இருந்தால், சிறுகுடல் வளைவுக்குப் போய் நின்று குத்துவார்கள்.

ஊசி சாமானிய நீளம் அல்ல. சுமார் நான்கரை அடி! குழாயின் வழியாகவே அது போக வேண்டும் அல்லவா?

ஊசியின் துவாரத்துக்குள் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். போகிற வழியில் உள்ள இரைப்பைச் சதை ஊசியில் அடைத்துக் கொள்ளாமல் அது காக்கும்.

திரையில் ஊசி, பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரியும். ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பதும் தெரியும். அதை விலக்கி விட்டுக் கட்டியில் குத்துவார்கள்.

குத்தினால் மட்டும் போதாது. ஊசியை முன்னும் பின்னும் பல தடவை ஆட்டுவார்கள். ஒரே தடத்தில் ஆட்டாமல், விசிறியை விரித்தது போலத் திசையை மாற்றி மாற்றி ஆட்டுவார்கள். ஏன்? கட்டியின் நடுப்பகுதி செத்துப் போய் இருக்கலாம். உயிருள்ள புற்று, ஓரத்தில் இருக்கலாம். ஒரே இடத்தைக் குடைந்தால் ஏமாந்து போவோம்.

நம்பர் ஏறினால் மெலிசு!

ஊசிகளுக்கு நம்பர் உண்டு. 19, 22, 25 என்று மூன்று.

இதில் பருமன் எது? 25 என்று சொல்லி விடாதீர்கள்! 25-ம் நம்பர்தான் மெலிசு.

நெசவாளர் வீட்டில் கேட்டால் இது உடனே புரியும். 40-ம் நம்பர் நூலை விட 80-ம் நம்பர் நூல் மெலிசு. நம்பர் ஏற ஏற நூல் இளைக்கும். ஊசியும் அப்படியே.

19-ம் நம்பர் ஊசியின் பருமன் 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 22-ம் நம்பர் சுமார் 0.7 மில்லிமீட்டர். 25-ம் நம்பர் சுமார் அரை மில்லிமீட்டர்.

பருமனான ஊசி நிறையச் சதை கொண்டு வரும் என்று தோன்றும். ஆனால் அதில் ஒரு சங்கடம். 19-ம் நம்பர் விறைப்பானது. சிறுகுடல் வளைவில் குழாய் வளைந்து நிற்கும்போது, அது எளிதில் வெளியே வராது. கணையப் புற்று அதிகமாக வருவதோ தலைப் பகுதியில்!

25-ம் நம்பர் எந்த வளைவிலும் வழுக்கிக் கொண்டு போகும். ஆனால் அது கொண்டு வருவது கொஞ்சம்.

22-ம் நம்பர் இரண்டுக்கும் நடு. புற்றா, இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமானால், 22-க்கும் 25-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஐரோப்பிய வைத்திய சங்கம் 2017-ல் கூறியது.

செங்கல்லா? சுவரா?

அப்படியானால் சண்டை எதில்? ஊசியின் நுனியில்!

பழைய மாதிரி ஊசி, சாதாரண ஊசி மருந்து போடும் ஊசி போலத்தான். நுனி சாய்வாக வெட்டப்பட்டு இருக்கும். அது செல்களை உறிஞ்சி எடுக்கும். செல்கள் தனித்தனியாக உதிர்ந்து வரும்.

செல் என்பது செங்கல் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். உடம்பு, செல்களால் கட்டிய வீடு.

ஒரு இடத்தில் செங்கல் குவிந்து கிடக்கிறது. அதைப் பார்த்து அது வீடா, கோவிலா, கிணற்றுச் சுவரா என்று சொல்ல முடியுமா? செங்கல் நல்லதா, கெட்டதா என்று சொல்லலாம். கட்டிடத்தைச் சொல்ல முடியாது. சுவரில் இருந்து ஒரு துண்டை அப்படியே பெயர்த்து எடுத்து வந்தால் சொல்லலாம்.

பழைய ஊசி கொண்டு வருவது செங்கல். புதிய ஊசி கொண்டு வருவது சுவர்த் துண்டு.

காவல் படை தாக்கிய வீக்கமா, நிணநீர்ப் புற்றா என்று கண்டுபிடிக்கச் சுவர்த் துண்டு வேண்டும். இந்தக் காலத்தில் புற்றின் மரபணுவைச் சோதித்து மருந்து தேடுகிறார்கள். அதற்கும் போதிய சதை வேண்டும்.

இன்னொரு தொல்லை. கணையப் புற்று பெரும்பாலும் கெட்டியானது. நார் மண்டிக் கிடக்கும். அந்த நாருக்கு நடுவே புற்றுச் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிந்து இருக்கும். சாதாரண ஊசியால் உறிஞ்சினால், சில சமயம் ரத்தம் மட்டும்தான் வரும்.

அரிசி மண்டிக் குத்தூசி

அரிசி மண்டியில் பார்த்து இருப்பீர்கள். வியாபாரி மூட்டையை அவிழ்ப்பது இல்லை. குத்தூசியை எடுத்து மூட்டையில் குத்துவார். ஊசியின் பள்ளத்தில் அரிசி நிறைந்து வரும். உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். "இது பழைய அரிசி" என்று சொல்லி விடுவார்.

அரிசி உதிரி. குத்தினால் வந்து விடும். கட்டி அப்படி அல்ல. வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டும் ஊசியைத் தேடி டாக்டர்கள் 20 ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார்கள்.

2000-களின் தொடக்கத்தில், வில் விசையால் வெட்டும் ஊசி வந்தது. 19-ம் நம்பர். விசையைத் தட்டினால் படக்கென்று வெட்டும். ஆனால் விறைப்பு அதிகம். குடல் வளைவில் மக்கர் செய்தது.

2011-ம் ஆண்டு வாக்கில் இன்னொரு ஊசி வந்தது. நமது குத்தூசி போலவே இதன் பக்கவாட்டில் ஒரு பள்ளம் உண்டு. பள்ளத்தின் விளிம்பு பின்னோக்கிக் கூர்மையாக இருக்கும். குத்தும்போது அல்ல, இழுக்கும்போது வெட்டும்!

இத்தாலி நாட்டு டாக்டர் மெங்கினி, 1958-ல் கல்லீரலில் ஒரே விநாடியில் சதை எடுக்கும் ஊசியைப் பற்றி எழுதினார். அந்த நுனியையும் கணையத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

2016-ம் ஆண்டை ஒட்டி இரண்டு புது நுனிகள் வந்தன.

ஒன்று, கிரீட நுனி. மூன்று கூர்ப் பற்கள், கிரீடம் போல நிற்கும். இதன் பெயர் "பிரான்சீன்". பிரான்சீன் என்ற அமெரிக்க டாக்டர் 1941-லேயே இந்த மாதிரி நுனியைப் பற்றி எழுதி விட்டார்! முக்கால் நூற்றாண்டு கழித்து அது கணையத்துக்கு வந்தது.

இன்னொன்று, கவை நுனி. இரண்டு கூர்முனைகள் எதிர் எதிராக, வாய் பிளந்தது போல நிற்கும். இதற்கு வியாபாரிகள் "சுறா" பெயரை வைத்தார்கள். கடித்துக் கொண்டு வரும் என்று சொல்லாமல் சொல்கிறார்கள்!

எது சிறந்தது?

ஒவ்வொரு கம்பெனியும் தன் ஊசிதான் சிறந்தது என்று சொல்லும். வியாபாரம் அல்லவா? நோயாளிக்கு எது நல்லது என்று யார் சொல்வது?

டாக்டர்கள் போட்டி வைத்துப் பார்த்தார்கள். எந்த ஊசி யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவு செய்தார்கள். இல்லாவிட்டால் டாக்டரின் விருப்பு வெறுப்பு கலந்து விடும்.

அமெரிக்காவில் கிரீட நுனியையும் கவை நுனியையும் 50 நோயாளிகளிடம் மோத விட்டார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. இரண்டும் சமம்!

பிறகு பள்ள ஊசி, மெங்கினி நுனி, கிரீட நுனி, கவை நுனி ஆகிய நான்கையும் 129 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2021-ல் முடிவு அச்சானது. கிரீடமும் கவையும் மற்ற இரண்டை விடச் செல் நிறைந்த சதையைக் கொண்டு வந்தன.

2022-ல் இன்னொரு குழுவினர், 16 சோதனைகளில் கலந்து கொண்ட 1,934 நோயாளிகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அதிலும் கிரீடமும் கவையும்தான் முன்னால் நின்றன.

"சதை கிடைத்தது சரி. அது போதுமா என்று உடனே பார்க்க ஒரு டாக்டர் பக்கத்தில் மைக்ராஸ்கோப்போடு நிற்க வேண்டாமா?" என்ற கேள்வி வந்தது. பழைய ஊசிக் காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒருவரை நிறுத்த முடியுமா?

எட்டு நாடுகளில் பல ஆஸ்பத்திரிகளில் 800 நோயாளிகளிடம் சோதித்தார்கள். எல்லோருக்கும் வெட்டும் ஊசிதான். பாதிப் பேருக்கு மைக்ராஸ்கோப் டாக்டர் அருகில் நின்றார். பாதிப் பேருக்கு நிற்கவில்லை.

2021-ல் முடிவு வந்தது. நின்றபோது நூற்றுக்கு 96.4 பேருக்குச் சரியான விடை. நிற்காதபோது 97.4 பேருக்கு. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம்!

இது சின்ன விஷயம் அல்ல. சிறிய ஊர் ஆஸ்பத்திரிக்கும் இது நல்ல செய்தி.

வெள்ளை நூல்

மைக்ராஸ்கோப் இல்லாவிட்டால், ஊசி போட்ட டாக்டர் வெறுங்கண்ணால் பார்ப்பார். எடுத்ததைக் கண்ணாடித் தட்டில் விடுவார். சிவப்பாக இருந்தால் அது ரத்தம். வெள்ளையாக, நூல் துண்டு போல இருந்தால் அதுதான் சதை. அந்த வெள்ளை நூல் கண்ணில் பட்டால் மனம் குளிரும்.

வரவில்லையா? மறுபடி குத்துவார். பழைய மாதிரி ஊசியானால் 3 அல்லது 4 தடவை. வெட்டும் ஊசியானால் 2 அல்லது 3 தடவை. இதுதான் 2017-ம் ஆண்டு ஐரோப்பிய வைத்திய சங்கம் சொன்ன கணக்கு.

குத்தினால் பரவுமா?

"ஊசி படக் கூடாது. பட்டால் புற்று பரவி விடும்." நம் வீடுகளில் பெரியவர்கள் இப்படிச் சொல்வது உண்டு. இந்தப் பயத்தால் சோதனையைத் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உண்மை என்ன?

ஊசி போன தடத்தில் புற்று முளைத்தது உண்டு. ஆனால் அது அபூர்வம். தலைப் பகுதிக் கட்டிக்குச் சிறுகுடல் வழியாகக் குத்துகிறார்கள். பின்னால் ஆபரேஷன் செய்தால், குத்திய அந்தக் குடல் பகுதியையும் சேர்த்தே வெட்டி எடுத்து விடுவார்கள். தடமே இருக்காது!

வேறு தொல்லைகளும் வரலாம். ரத்தம் கசியலாம். கணையம் வீங்கி வயிறு வலிக்கலாம். இந்த வகை ஊசி குத்திக் கொண்ட 10,941 பேரின் கணக்கை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். தொல்லை ஏற்பட்டது நூற்றுக்கு ஒருவருக்குத்தான்.

பரவும் என்று பயந்து வீட்டில் இருந்தால்? நோய் தானாகவே பரவும். அதற்கு ஊசி தேவை இல்லை.

இல்லை என்றால் இல்லையா?

இது எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய இடம்.

ஊசி "புற்று உண்டு" என்று சொன்னால், அதைப் பெரும்பாலும் நம்பலாம். "புற்று தென்படவில்லை" என்று சொன்னால்?

உடனே சாமிக்குத் தேங்காய் உடைத்து விட்டு நிம்மதியாக இருந்து விடக் கூடாது!

பழைய மாதிரி ஊசிக் காலத்தில், 4,984 நோயாளிகளின் கணக்கை 2012-ல் வெளியிட்டார்கள். புற்று உள்ள 100 பேரில் 85 பேரைத்தான் ஊசி கண்டுபிடித்தது. மீதி 15 பேர்? நோய் இருந்தது. ஊசி தவறி விட்டது!

கணையம் ஏற்கெனவே நாட்பட்டு வீங்கியவர்களுக்கு இப்படித் தவறும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஆகவே கட்டி சந்தேகமாகவே இருந்தால், டாக்டர் மறுபடியும் ஊசி குத்தச் சொல்வார். "முதல் தடவையே சரியாகச் செய்யவில்லையா?" என்று கோபப்படாதீர்கள். குத்தூசி ஒரு மூலையில் நல்ல அரிசியைக் காட்டும். மறு மூலையில் கல் இருக்கும். இன்னொரு தடவை குத்திப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

எல்லோருக்கும் ஊசி வேண்டுமா?

வேண்டாம்.

படத்திலேயே புற்று நோய் என்று பளிச்சென்று தெரிகிறது. கட்டி சிறியது. ரத்தக் குழாய்களைப் பிடிக்கவில்லை. நோயாளியும் திடமாக இருக்கிறார். இப்படி இருந்தால் ஊசி இல்லாமலே நேராக ஆபரேஷன் செய்வது உண்டு.

ஆனால் ஆபரேஷனுக்கு முன்னாலோ, ஆபரேஷன் இல்லாமலோ புற்று மருந்து கொடுப்பதானால், ஊசிச் சோதனை அவசியம். அந்த மருந்து கடுமையானது. நோயின் பெயர் தெரியாமல் அதை உடம்பில் ஏற்றக் கூடாது.

இந்த அடையாளங்கள் உண்டா?

வலி இல்லாமல் கண் மஞ்சளாகிறது. சிறுநீர் கறுக்கிறது. மலம் வெளுக்கிறது. உடம்பு அரிக்கிறது. காரணம் இல்லாமல் எடை குறைகிறது. மேல் வயிற்றில் தொடங்கும் வலி முதுகுக்குப் போகிறது. 50 வயதுக்கு மேல் திடீரென்று நீரிழிவு வருகிறது. கூடவே உடம்பும் இளைக்கிறது.

இவை எல்லாமே கணையக் கட்டியால்தான் என்று இல்லை. ஆனாலும் மஞ்சள் காமாலைக்கு மந்திரித்துக் கொண்டும், பச்சிலை குடித்துக் கொண்டும் மாதக் கணக்கில் நாளைக் கழிக்க வேண்டாம். டாக்டரைப் பாருங்கள். புகை பிடிக்கிறவர்கள் இன்றே நிறுத்தி விடுங்கள். கணையப் புற்றுக்குப் புகையும் ஒரு காரணம்.

டாக்டரிடம் கேளுங்கள்

ஊசிச் சோதனை வேண்டும் என்று சொன்னால் பயப்படாதீர்கள். தயங்காமல் சில கேள்விகளைக் கேளுங்கள்.

"இந்தச் சோதனையின் முடிவால் வைத்தியம் மாறுமா?"

"செல் எடுக்கும் ஊசியா? சதை எடுக்கும் ஊசியா?"

"முடிவு தெளிவாக வராவிட்டால் அடுத்தது என்ன?"

நீங்களும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்னதாகவே அதைச் சொல்லி விட வேண்டும். எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

கேள்வி கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்று எண்ண வேண்டாம். நல்ல டாக்டருக்கு, கேட்கிற நோயாளியைப் பிடிக்கும்.

ஒரு துளி சதை

அந்தக் கலிபோர்னியா மாலையை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

காலையில் படம் பார்த்துச் சொன்னவர்களும் பெரிய டாக்டர்கள்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. படம் அவ்வளவுதான் சொல்லும். மாலையில் ஊசி முனையில் வந்த ஒரு துளி, மிச்சத்தைச் சொன்னது.

எல்லோருக்கும் அது நல்ல செய்தியையே கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. பலருக்குக் கெட்ட செய்தியும் வரும். ஆனால் கெட்ட செய்தியும், பெயரோடு வந்தால், அதற்கு ஏற்ற மருந்தைத் தேடலாம். பெயர் தெரியாத பயத்துக்கு மருந்தே இல்லை.

ஊசி அரை மில்லிமீட்டர்தான். முக்கால் மில்லிமீட்டர்தான். அதன் நுனியை எப்படி வெட்டுவது என்று பல நாட்டு டாக்டர்கள் இத்தனை ஆண்டுகள் மண்டையை உடைத்துக் கொண்டது வீண் அல்ல.

அந்த நுனியில்தான் ஒரு குடும்பத்தின் கேள்விக்கு விடை வருகிறது!